பாதித் தேய்மானம்

"பாதியே போதும்மா. சட்டம் என்ன சொல்லுதோ அதுதான்" என்றார் உப்பளக் கம்பெனி முதலாளி தேவநாதன்.

லிடியா அசந்துபோனாள். புதுச்சேரி ஆடிட்டர் ஆபீசிலிருந்து மரக்காணத்துக்குக் கணக்குப் பார்க்க வந்தவள். கம்பெனி புதிதாக வாங்கிய உப்பு கழுவும் மெஷினின் பில்லில் ஆகஸ்ட் தேதி இருந்தது. அப்போதே ஓட்டியிருந்தால் அதன் தேய்மானத்தை முழுசாக லாபத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம். வருஷத்தில் ஆறு மாசம்கூட ஓடாத மெஷினுக்குப் பாதிதான்.

"பில்லு ஆகஸ்ட்தான். ஆனா பிப்ரவரியிலதாம்மா ஓட்டினோம்."

நேற்று வாங்கியதைப் போன வருஷமே ஓட்டியதாக எழுதச் சொல்லும் முதலாளிகளைத்தான் அவளுக்குத் தெரியும். லட்சக்கணக்கில் வரி கூடும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்கிற மனுஷனை இன்றுதான் பார்க்கிறாள்.

அந்த நேரம் பார்த்து, அங்கே கூலி வேலை பார்த்த செல்லப்பன் உள்ளே வந்தான். அவன் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. ஆவணி மாசம் இதே மெஷினில் கை சிக்கியதாம். நஷ்டஈடு கிடைத்தால் ஒரு பெட்டிக்கடை வைத்துப் பிழைத்துக்கொள்வேன், நீங்களாவது சொல்லுங்க என்று லிடியாவைக் கெஞ்சினான்.

தேவநாதன் கோபப்படவே இல்லை.

"ஏம்பா, ஆவணியில அந்த மெஷினைப் பெட்டியிலேருந்து பிரிக்கக்கூட இல்ல. ஓடாத மெஷின் எப்படிப்பா உன் கையைப் பிடிக்கும்? எங்க குடிச்சிட்டு விழுந்தியோ."

லிடியாவுக்கு எரிச்சலாக வந்தது. தனக்குக் கிடைக்கக்கூடிய சலுகையையே வேண்டாம் என்பவரா ஓர் ஏழையின் விரலுக்குப் பொய் சொல்லப் போகிறார்?

"பொய் சொல்லிப் பணம் கேக்காதீங்க" என்று அவளே சொல்லிவிட்டாள். செல்லப்பன் வெளியே போய் நின்றான்.

மெஷினை நேரில் பார்க்க அவளும் தேவநாதனும் வெளியே வந்தார்கள். கூனிமேட்டு வியாபாரி யூசுப் பாய் லாரியோடு காத்திருந்தார். பெண்கள் ஒரு பெரிய உப்புக் குவியலின் மேலிருந்த ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே உப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது.

யூசுப் பாய் ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார். இப்போதுதான் கழுவிக் கொட்டிய உப்பு, ஈரம் இருக்கும், விலையைக் குறைக்கணும் என்று பேரத்தைத் தொடங்கினார்.

தேவநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாய், போன மழைக்கு முன்னாடி மூடின குவியல் இது. இன்னிக்குத்தான் ஓலையைப் பிரிக்கிறோம். ஈரம் எங்கேருந்து வரும்?"

"பாத்தியில வாரின உப்புல சேறு இருக்குமே. இதுல துளி சேறு இல்லையே?"

"பூரா மெஷின்ல கழுவி மூடினது பாய்."

லிடியா மாசங்களை எண்ணிப் பார்த்தாள். மழை பிடித்தது ஐப்பசியில். அதற்கு முன்பே இவ்வளவு உப்பைக் கழுவிய மெஷின் பிப்ரவரியில்தான் ஓடத் தொடங்கியது என்பது பொய். செல்லப்பனைப் பொய்யன் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கத்தில் கண் கலங்கியது.

அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"தேய்மானத்தை முழுசாவே கழிச்சிக்கலாம் சார். மழைக்கு முன்னாடியே மெஷின் ஓடியிருக்குதுன்னு நானே எழுதித் தர்றேன். உங்களுக்கு ஒரு காப்பி, செல்லப்பனுக்கு ஒரு காப்பி."