கட்ட வேண்டிய மீதி

பில்லின் கடைசி வரியில் பூஜ்யம் இருந்தது.

மாஸ்டர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். மொத்தம் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்ததும் அதே இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். நோயாளி கட்ட வேண்டிய மீதி, பூஜ்யம்.

சக்கர நாற்காலியில் இருந்த அவருக்கு, கட்டுப் போட்ட காலை மறந்து எழுந்து நின்றுவிடலாம் போலிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு தச்சர். ஏணியிலிருந்து விழுந்தவர். அவருக்கும் கணுக்காலில்தான் முறிவு, அதே டாக்டர்தான் பிளேட் வைத்துத் திருகு முடுக்கினார். ஆனால் இன்ஷூரன்ஸ் கிடையாது. பொது வார்டு, சாதாரண ஸ்டீல் பிளேட், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மரம் அறுக்கும் மெஷினை விற்றுக் கட்டியிருந்தார்.

"எனக்குத் தனி ரூம், டைட்டானியம் பிளேட்டு. கையிலேர்ந்து சல்லிக்காசு போகல" என்றார் மாஸ்டர்.

"கொடுத்து வச்சவரு" என்று சொல்லிவிட்டு, தச்சர் தன் ரசீதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "அவசரப்படாதே, யோசிச்சுத் திருப்பு" என்று சொல்வதுதான் இருபத்தைந்து வருடமாக அவர் வேலை. அப்படிப்பட்டவர், ஐம்பத்திரண்டு வயதில், மாணவர்களிடம் வீறாப்புப் பேசிப் பயிற்சி மைதானத்தின் சுவரிலிருந்து குதித்தார். கீழே வந்து சேர்ந்தபோது வலது பாதம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேர்த்த அன்று இதே கவுன்டரில் இருந்த பெண் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். கையிலிருந்து கட்டினால் பொது வார்டில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் முடித்துவிடலாம். இன்ஷூரன்ஸ் என்றால் ரேட்டே வேறு, தனி அறையும் சேர்ந்தால் மூன்று லட்சத்தைத் தொடும். உங்கள் பாலிசியோ குடும்பத்துக்கே சேர்த்து வருடத்துக்கு மூன்று லட்சம்தான். யோசித்துச் சொல்லுங்கள்.

மனைவி அவர் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, கையிலேர்ந்தே கட்டிடலாமே. பேங்க்ல ஒண்ணேகால் லட்சம் இருக்குல்ல?"

"உனக்கென்ன கிறுக்கா? வருஷா வருஷம் எதுக்குக் கட்டுறோம்? இருக்கிறதே ரெண்டு பேரு. வேற யாருக்கு இப்ப என்ன வந்துடப் போகுது?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வலியில் கத்தியதுதான். ஆனாலும் கத்தியது கத்தியதுதான்.

 அவள் வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள். பேனாவை எடுத்து, நின்றபடியே பிசகில்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

இப்போது மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

லிஃப்ட் திறந்தது. ஃபைல்களை அணைத்தபடி வெளியே வந்த மேல்மாடி நர்ஸ் ஒருத்தி, அவளைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"அக்கா, எங்க ஆளையே காணோம்? டாக்டரம்மா ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. கட்டியத் தள்ளிப் போடாதீங்கன்னு அவ்வளவு சொன்னாங்கல்ல? எப்ப வந்து சேரப் போறீங்க?"

"வரேம்மா. நானே போன் பண்றேன்."

நர்ஸ் அவசரமாகப் போய்விட்டாள்.

"என்ன கட்டி?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணுமில்ல, வாங்க. கார் வந்து நிக்குது."

அவர் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாற்காலியைத் தானே திருப்பினார். தச்சரின் காலில் இடிக்காமல் வளைத்து, கவுன்டருக்குப் போய் பில்லை நீட்டினார்.

"இத ரத்து பண்ணிடும்மா. நான் கையிலேர்ந்து கட்டிடறேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இன்ஷூரன்ஸ் வேண்டாமென்று வந்து நிற்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பாலிசி எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு, அவருக்குப் பின்னால் வந்து நின்றவளைப் பார்த்தாள்.

"முடியாது சார், கம்பெனி பணம் அனுப்பிடுச்சு. இனிமே பாலிசி புதுப்பிச்சாத்தான், அதுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு. மேடத்துக்குக் கையிலேர்ந்து கட்டினா ரெண்டரை லட்சம் ஆகும்."

"அவளுக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கவுன்டர் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்க ஆபரேஷனுக்கு ஏற்கனவே இன்ஷூரன்ஸ் அனுமதி வந்திருந்துச்சு சார். நீங்க சேர்ந்த மறுநாள் காலையில அவங்களுக்குத்தான் தியேட்டர் போட்டிருந்தது. நீங்க வந்த அன்னிக்கு, 'என்னோடத எடுத்துட்டு இவருக்குப் போட்டுடுங்க'ன்னு அவங்களே எழுதிக் கொடுத்தாங்க."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க வலியில துடிச்சிட்டு இருந்தீங்க. அப்பப் போய் எனக்கும்னு எப்படிச் சொல்றது?" என்றாள். "அதுக்கு முந்தி ரெண்டு தடவ சொல்ல வந்தேன். கிளாஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டீங்க."

குறையாக இல்லை, நடந்ததைச் சொல்கிறவளைப் போலத்தான் சொன்னாள்.

பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினாள்.

"நீ தள்ளாத" என்றார் அவர்.

"பின்ன யாரு தள்ளுவா?"

கார் நின்ற இடத்துக்கு ஒரு சரிவு ஏற வேண்டியிருந்தது. பாதியில் நாற்காலி நின்றது. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. மாஸ்டர் நல்ல காலைத் தரையில் ஊன்றி, நாற்காலி பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டார். அதைத் தவிர அவரால் செய்ய முடிந்தது எதுவும் இருக்கவில்லை.