ஏரியில் உதித்த திட்டம்

"உன் புருஷன்கிட்ட எப்போ சொன்னே நடீன்? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

நிறுவனத் தலைவர் ரஸ்ஸல் தேயர் குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாமல் பேசினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று சான்டா கிளாராவின் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நடீன் கெஸ்லர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே காவலாளி ஒருவர் காலி அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தார். அது யாருடைய காப்பிக் கோப்பைக்கும் குடும்பப் படத்துக்குமான பெட்டி என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நான் சொல்லலை ரஸ்ஸல். வீட்டுல நாங்க ஆபீஸ் பேச்சே எடுக்கிறதில்லை. கல்யாணம் ஆனதிலேர்ந்து அதுதான் ஒப்பந்தம்."

"அப்போ அவங்களுக்குக் கனவுல வந்துதா?"

அவள் கணவன் கர்ட்டிஸுக்கு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த போட்டி நிறுவனத்தில் வேலை. நேற்றுவரை யாருக்கும் அது குற்றமாகத் தோன்றியதில்லை.

ரஸ்ஸல் நாளைக்கு உலகத்துக்கே ஒரு திட்டத்தை அறிவிப்பதாக இருந்தார். பெரிய பெரிய கம்பெனிகளின் ஊழியர்கள் தங்கள் சொந்த போனிலேயே ஆபீஸ் வேலையையும் பார்க்கலாம். போனைப் பூட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பாதி கம்பெனிக்கு, மறு பாதி வீட்டுக்கு. ஆளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டால், கம்பெனி தன் பாதியை உட்கார்ந்த இடத்திலிருந்தே அழித்துவிடும். 'ஒரே போன், இரண்டு வாழ்க்கை' என்று வாசகம்.

இன்று காலை எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அதையே அறிவித்துவிட்டார்கள். அதே பூட்டு, அதே வாசகம். விளம்பரப் படத்தில் கடற்கரையில் போனோடு சிரித்த நரைத்தாடிக்காரர்கூட அதே நரைத்தாடிக்காரர்.

"இது என் குழந்தைம்மா!" ரஸ்ஸல் நெஞ்சில் கைவைத்தார். "டாஹோ ஏரியில தன்னந்தனியா படகுல தூண்டில் போட்டுக்கிட்டிருந்தேன். தண்ணியையே பார்த்துக்கிட்டிருக்கும்போது சட்டுனு உதிச்சுது."

படகுக் கதையைக் கேட்காதவர் அந்த நிறுவனத்தில் இல்லை. முதலில் சொன்னபோது தூண்டிலில் ஒன்றும் சிக்கியிருக்கவில்லை. இயக்குநர் குழுவில் சொன்னபோது பெரிய மீனாகவே ஒன்று சிக்கிவிட்டது.

ரகசியம் கசிந்ததைத் துப்பறிய வெளியிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்டிருந்த ட்ரெவர் ஹாலிஸ் தொண்டையைச் செருமினார். பாதிரியாரைப் போல இதமான குரல்.

"உணர்ச்சிவசப்படாம யோசிப்போம் நடீன். வாய் தவறி வந்திருக்கலாம், மனுஷங்கதானே? ஒப்புக்கிட்டீங்கன்னா கோர்ட்டு கேஸு எதுவும் இருக்காது. வேலை மட்டும்தான் போகும்."

"மட்டும்தானா?"

அவள் கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. கம்பெனிப் பாதியிலிருந்த கடிதங்கள், நாட்காட்டி, ஆறு மாத உழைப்பு எல்லாம் கண்ணெதிரே காணாமல் போயின. புதுச் சரக்கை முதலில் சொந்த ஊழியர்கள் தலையில் கட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம்.

"அழிச்சிட்டீங்களா?"

"நல்லா வேலை செய்யுதுல்ல?" என்றார் ரஸ்ஸல், அந்தக் கோபத்திலும் பெற்றவரின் பெருமையோடு.

ரகசியம் விற்றவள் என்று பெயர் வாங்கிவிட்டால், இந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனியும் அவளை வாசற்படி மிதிக்க விடாது.

"வீட்டுப் பாதி இன்னும் உசிரோடதானே இருக்கு? கூப்பிடு அவனை. ஸ்பீக்கர்ல போடு. அவன் வாயாலேயே வரட்டும்" என்றார் ரஸ்ஸல்.

ட்ரெவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேண்டாம் ரஸ்ஸல். வக்கீல் இல்லாம இதெல்லாம் முறையில்லை."

"கூப்பிடட்டும்ங்கறேன்!"

நடீன் ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தாள். மணி ஒலித்த உடனேயே கர்ட்டிஸ் எடுத்தான். ரகசியக் குரல்.

"செல்லம், நானே உன்னைக் கூப்பிடணும்னு துடிச்சுக்கிட்டிருந்தேன். எங்க போன் திட்டத்தைப் பத்தி உன்கிட்ட நான் எப்பவாவது மூச்சு விட்டிருக்கேனா?"

"இல்லையே. என்ன ஆச்சு?"

"உங்க ஆளு நாளைக்கு நடத்தற விழா அழைப்பிதழ்ல எங்க வாசகம் அப்படியே இருக்காம். அதைப் பார்த்துப் பதறிப்போய்த்தான் இன்னிக்கே முந்திக்கிட்டாங்க. நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்னு என்னைத் துரத்தப் பார்க்கிறாங்க. வெளிய ஒருத்தன் அட்டைப்பெட்டியோட நிக்கிறான்!"

"பொய்!" என்று கத்தினார் ரஸ்ஸல். "அது என் ஏரி... என் திட்டம்!"

"யாரு அது?"

"ஒண்ணுமில்லை, நீ சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? அந்தத் திட்டத்தை நானா எழுதினேன்? பெரிய ஆலோசகர்னு ஒருத்தரைப் பிடிச்சு எழுதி வாங்கினாங்க. இப்போ கசிவை விசாரிக்கவும் அந்த மகானையே வரச்சொல்லியிருக்காங்க. ரெண்டு மணிக்கு வந்து என்னைக் குடைவாராம். ட்ரெவர் ஹாலிஸ்னு பேரு."

ரஸ்ஸலின் காதுமடல்கள் சிவந்துவிட்டன. அவர் கூரையில் எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரஸ்ஸல்," என்றாள் நடீன் மெதுவாக, "அந்தப் படகுல இவரும் இருந்தாரா?"

ட்ரெவர் ஹாலிஸ் மடிக்கணினியை மூடிக் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மன்னிக்கணும், நெடுஞ்சாலையைத் தாண்டறதுக்குள்ள நெரிசல் ஆரம்பிச்சிடும். இவங்க வீட்டுக்காரர் எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாரு."