ஏழு வேகத்தடைகள்

உலக வரலாற்றின் போக்கையே மாற்றவல்ல அறிவிப்பு: கூட்டுறவு வங்கிக் காசாளர் தணிகாசலம், இனி தினமும் பந்தயக் காரில்தான் வேலைக்குச் செல்வார். இருபது வருடப் பழசு என்றாலும் சிவப்பு மங்காத, இரண்டே கதவுள்ள கார் அது. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா விற்பதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவள், வங்கிக்கு எதிரிலுள்ள பள்ளியில் டீச்சரான மனைவி குமுதவல்லி. இன்று கடைசி நாள்.

வழியில் ஏழு வேகத்தடைகள். காரின் வயிறோ தரையிலிருந்து நாலு விரல் உயரம். ஒவ்வொரு மேட்டுக்கும் குமுதவல்லி இறங்கி நிற்க, கார் எடை குறைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டும். பிறகு அவள் ஏறிக்கொள்வாள்.

ஐந்தாவதில், “நீங்க மெதுவா வாங்க. நான் நடந்து போய் அடுத்த மேட்டுல நிக்கிறேன்” என்றாள். டீக்கடையில் சிரித்தார்கள்.

“இன்னும் ரெண்டுதாம்மா” என்று கெஞ்சினார் தணிகாசலம்.

ஏழாவதைத் தாண்டியதும், மற்ற நாளெல்லாம் நெரிசலாயிருந்த சாலை இன்று வங்கி வரை காலியாகக் கிடந்தது. அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள், அவர் மிதித்தார். எஞ்சின் தொண்டையைச் செருமிவிட்டுப் பாடத் தொடங்கியது. இருக்கை அவள் முதுகை அப்படியே ஏந்திக்கொண்டது. தலையிலிருந்த பூ நழுவி மடியில் விழுந்ததைக்கூட அவள் எடுக்கவில்லை.

“விக்க வேணாங்க” என்றாள் மூச்சு வாங்க. “யப்பா, என்னா வேகம்!”

தணிகாசலம் மீசையைத் தடவியபடி முள்ளைப் பார்த்தார்.

மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர்.