ஒரே ஒரு 'முடியாது'

"யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்து முடியாதுன்னு சொல்லுங்களேன்!"

நடைபாதையில் நின்று அவள் புலம்புவதைப் பார்த்துக் கணவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வீட்டுக்கு வா, நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா செல்லாது. முன்னப்பின்ன தெரியாதவங்க சொல்லணும். டாக்டரம்மா கறாரா சொல்லிட்டாங்க."

டாக்டரம்மா பல்கலைக்கழகத்தில் மனப்பதற்றத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு அவரவர் பயத்துக்குத் தகுந்தபடி வீட்டுப்பாடம் கொடுப்பார். இவளுக்கு, தான் ஒன்றைக் கேட்டு எதிராளி இல்லையென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனாலேயே எதையும் வாய் திறந்து கேட்க மாட்டாள். வேலை பார்க்கும் நூலகத்தில் தலைமைப் பதவிக்கு இரண்டு தடவை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். இரண்டு தடவையும் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாள். மூன்றாவது அழைப்பு நாளைக் காலை.

தெரியாத ஒருவரிடம் போய் ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். அவர் மறுக்க வேண்டும். மறுத்த பிறகும் ஓடிவராமல் அங்கேயே நின்று, வானம் இடிந்து விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் பாடம்.

மறுப்பதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ரொட்டிக் கடையில், அடுப்பிலிருந்து தட்டை நானே எடுக்கட்டுமா என்று கேட்டாள். "தாராளமா எடுங்க" என்று கையுறையை மாட்டிவிட்டு, சுடச்சுட ஒரு பன்னையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஆண்கள் முடிதிருத்தும் கடையில், சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்கலாமா என்றாள். மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஸ்டுடியோவில், உங்களை நான் ஒரு படம் எடுக்கட்டுமா என்றாள். போட்டோகிராபர் அவசரமாகத் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார். "ஊரையே நான் எடுக்கறேன், என்னை எடுக்க ஒருத்தருக்கும் தோணலையேம்மா" என்று கண் கலங்கினார்.

"எல்லாம் உன் மூஞ்சி செய்ற வேலை. அதைப் பார்த்து மாட்டேன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?" என்றான் கணவன், பன்னைப் பிட்டு வாயில் போட்டபடி.

"அப்ப நாளைக்கும் நான் வாசலோட திரும்பி வரவேண்டியதுதான்." அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

தெருக்கோடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது.

"அங்க போறேன்."

"அங்கயா? சுத்தம்! அவருக்கு இந்தத் தெருவுல பேரே 'சரிங்க'தான். யார் என்ன கேட்டாலும் சரிங்கன்னுதான் சொல்வார். கடை இருக்கற லட்சணத்தைப் பாரு."

கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தவிர எல்லாம் இருந்தது. பக்கத்து வீட்டு மீன்தொட்டி. எதிர்க் கடைக்காரரின் ஏணி. யாரோ ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கிளிக்கூண்டு, கிளியோடு. 'வெச்சுட்டுப் போறேன், அப்புறம் எடுத்துக்கறேன்' என்றவர்கள் ஒருவரும் அப்புறம் வரவில்லை. உரிமையாளர் ஒரு குழந்தை வண்டிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

அவள் தொண்டையைச் செருமினாள். கையிலிருந்த குடையை நீட்டினாள்.

"இந்தக் குடையை ஒரு மாசம் உங்க கடையில வெச்சுக்கறீங்களா?"

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். போயும் போயும் இவரிடமா இதைக் கேட்பாள்?

உரிமையாளரின் கை வழக்கப்படி குடையை வாங்க நீண்டது. பாதி வழியில் நின்றது. முகம் வியர்த்தது. குடையைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"முடியாதுங்க."

அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை, நின்றாள். நிற்க நிற்கப் பயம் தானாக இறங்கியது. மேலே பார்த்தாள். கூரை இருந்த இடத்தில்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ரொம்ப ரொம்ப நன்றிங்க!"

அவர் திகைத்தார். "கோவம் இல்லையே?"

"கோவமா? எதுக்கு?"

"நிஜமாவே இல்லையே?"

"நீங்க நல்லா இருக்கணும் சார்!" அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, குடையை வீசியபடி வெளியே வந்தாள்.

"நாளைக்குப் போறேங்க. அவங்க முடியாதுன்னு சொன்னா சொல்லட்டும். உள்ள போய் அதையும் கேட்டுட்டு வர்றேன்."

கணவன் சந்தோஷத்தில் மிச்சமிருந்த பன்னை அவளிடமே கொடுத்துவிட்டான்.

"முதல்ல டாக்டரம்மாகிட்ட சொல்லணும்." கடை வாசலிலேயே நின்று போன் போட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். "வேற யார்கிட்டயோ பேசிட்டிருக்காங்க."

அதற்குள் கடைக்குள்ளிருந்து, கிளி மிரண்டு சிறகடிக்கும் அளவுக்கு ஒரு குரல் துள்ளியது.

"டாக்டரம்மா, கேக்குதா? நீங்க குடுத்த பாடத்தை முடிச்சுட்டேன்! வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்! அந்தம்மா கோவிச்சுக்கவே இல்லை, கைகுடுத்துட்டுப் போறாங்க!"