நான்கு பொட்டலம்

அந்தச் சரசரப்பு அவளுக்குத் தெரியும்.

மலை வழிகாட்டி சுருளிவேல் தன் பையிலிருந்து கைக்குட்டை அளவில் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். வெள்ளித்தாள் விரிந்துகொண்டே போனது. கூடத்தில் பாதியை அடைத்தது.

“இதுதான்க்கா. உங்க பொண்ணு பையிலயும் ஒண்ணு இருக்கு. நாந்தான் எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தேன். இதச் சுத்திக்கிட்டு ஒரு எடத்துல உக்காந்தாப் போதும். விடியிற வரைக்கும் தாங்கிரும்.”

அவள் கையில் கணவரின் கம்பளித் தொப்பி. பைக்குள் வைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

நண்பகலில் மேலே பனிமூட்டம் இறங்கியிருக்கிறது. ஒன்பது பேர் ஏறியதில் எட்டுப் பேர் திரும்பினார்கள். கூடாரமும் தூங்கும் பைகளும் சுமைக்காரர்களோடு இறங்கிவிட்டன. திரும்பாத மகள் வினோதினியிடம் இருப்பது முதுகுப் பை மட்டும்.

மணி ஐந்தே முக்கால்.

நாளைக் காலை ஐந்துக்கு அவளைத் தேடி ஏறுவது என்று முடிவாகிவிட்டது. இந்த மூட்டத்தில் வழுக்குப் பாறையைத் தாண்டினால், தேடப் போனவர்களைத் தேட வேறு ஆள் அனுப்ப வேண்டிவரும் என்றார் சுருளிவேல். அதைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனில் பேசினார். “ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துருவேன். பாப்பாவத் தூங்க வெச்சிராத.”

கணவர் மகளுக்கு மாற்றுத் துணியை எடுத்து மடித்தார். சரியாக மடிக்க வரவில்லை. திரும்பவும் மடித்தார்.

அந்தச் சரசரப்பை அவள் கேட்டது இன்று காலைதான்.

அவள் எதையாவது கட்டிக்கொடுக்காமல் அந்த வீட்டை விட்டு யாரும் வெளியூர் போனதில்லை. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் கைப்பையில் நாலு முறுக்கு இருக்கும்.

மகள் குளித்துக்கொண்டிருந்தாள். பை வாயைத் திறந்து கிடந்தது. தரையெல்லாம் சாமான். சப்பாத்தி சுடச்சுட இருந்தது. இலையில் கட்டினால் துணியெல்லாம் எண்ணெய் ஆகும் என்று முந்தின நாளே மகள் கத்தியிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பாக்கெட் கண்ணில் பட்டது. பிரித்துப் பார்த்தால் வெள்ளித்தாள்.

பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது, தாளைக்கூட அவளே வாங்கி வைத்திருக்கிறாள் என்று பூரித்துப்போனாள்.

எண்ணெய் கசியாதபடி மூன்று சுற்று வருமளவுக்குக் கத்தரித்தாள். மத்தியானத்துக்கு இரண்டு, ராத்திரிக்கு இரண்டு. நான்கு பொட்டலம்.

மிச்சத்தை மடித்து மிக்ஸிக்குப் பின்னால் செருகினாள். இன்னொரு நாளைக்கு ஆகும்.

கிளம்பும்போது மகள் பட்டியலைப் படிக்க, பையை அடுக்கிய அவள் பதில் சொன்னாள். டார்ச்? வெச்சாச்சு. காலுறை? வெச்சாச்சு. எமர்ஜென்சி ஷீட்?

“எல்லாம் வெச்சாச்சுடி. பஸ்ஸ விட்டுராத.”

அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

இன்னும் அரை மணியில் மேலே இருட்டிவிடும். வினோதினி பைக்குள் கையை விடுவாள். கிடைக்காது. அடியில் இருக்கும் என்று எல்லாவற்றையும் வெளியே எடுப்பாள். அம்மா வைத்தாச்சு என்றாளே என்று மறுபடியும் துழாவுவாள்.

“மேல மூணு டிகிரிக்குப் போயிரும்க்கா. ஆனாப் பயப்படாதீங்க. போர்வை இருக்குல்ல?”

சொன்னால் இந்த மனிதர் இப்போதே கிளம்புவார். அவளைப் பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஆனாலும் கிளம்புவார். கணவரும் போவார், தகடு வைத்த முழங்காலோடு. வழுக்குப் பாறை இருவருக்கும் ஒன்றுதான்.

சொன்னால் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளையின் போர்வையை வெட்டிச் சப்பாத்தி கட்டியவள் அவள்தான் என்று.

சொல்லாமல் இருந்துவிட முடியுமா என்று ஒரு நொடி பார்த்தாள். ஒரே ஒரு நொடி. அதற்காக அவள் தன்னை எந்தக் காலத்திலும் மன்னிக்கப் போவதில்லை.

எழுந்து சமையலறைக்குப் போனாள்.

கொண்டுவந்ததை அவருடைய தாளின் மேல் வைத்தாள். ஒரு முழம்கூட இல்லை. ஓரமெல்லாம் கத்தரி வெட்டு. ஒரு மூலையில் எண்ணெய்.

சுருளிவேல் அதை எடுத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

“நாலு பொட்டலம் கட்டுனேன் தம்பி,” என்றாள். “சூடு போகாம இருக்கும்னு.”

கணவர் மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது.

திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுருளிவேல் தன் தாளைச் சின்னதாக மடித்துப் பையின் மேலாகவே வைத்தார். கயிற்றை எடுத்துக்கொண்டார். வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டி, ஒவ்வொரு காலிலும் இரண்டு முடிச்சுப் போட்டார்.

கணவர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். அவள் கடைசி வாரை இழுத்துக் கட்டினாள். அவர் அவள் விரலை ஒரு தடவை இறுகப் பிடித்தார்.

“எம் போனு இங்க சார்ஜ்லயே கெடக்கட்டும்க்கா,” என்றார் சுருளிவேல். “ மேல டவர் இல்ல.”

இருவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் தெரு முனையில் திரும்பியது. மலை இருந்த பக்கம் மலை தெரியவில்லை. வெறும் வெள்ளையாக இருந்தது.

உள்ளே சுருளிவேலின் போன் அடித்தது. திரையில் ‘வீடு’ என்று இருந்தது.

நின்றது. மறுபடியும் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தாள்.

“பாப்பா இன்னும் தூங்கலங்க,” என்றது ஒரு பெண் குரல். “கெளம்பிட்டீங்களா?”