இந்த வாரப் பொய்

"இன்னாடி இது, இந்த வாரப் பொய் இவ்ளோ மொக்கையா இருக்கு?" நூலக வாசல் பலகையைப் பார்த்துச் சிரித்தாள் நிஷா.

ஷ்ரேயா சிரிக்கவில்லை. நிதானமாகப் படித்தாள். 'அடுத்த மாதம் முதல் நூலகம் மூடப்படும். இந்த இடத்தில் நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங் வகுப்புகள் நடைபெறும்.' பள்ளியின் லெட்டர்பேடு. கீழே கரஸ்பாண்டென்ட் சாய்நாத்தின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

"கையெழுத்து வேற! கரோல் மிஸ் இந்தத் தடவை செம செட்டப்டி."

மயிலாப்பூரில் அந்தப் பள்ளியில் மட்டும் நடக்கிற விளையாட்டு அது. திங்கட்கிழமைதோறும் நூலகர் கரோல் மிஸ் பலகையில் ஒரு பொய்யைக் குத்தி வைப்பார். வெள்ளிக்கிழமைக்குள் அது பொய்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடிக்காத இரண்டு ஆதாரங்கள் கட்டாயம். 'நெட்டுல இருந்தது மிஸ்' என்று போய் நின்றால், "நெட்டுல யாரு போட்டா? அவங்களுக்கு யாரு சொன்னா?" என்று வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். போன வாரப் பொய், 'மயிலாப்பூரில் டிராம் ஓடியதே இல்லை'. அதை உடைத்த அனிருத் இன்னும் காலரை இறக்கவில்லை.

ஷ்ரேயாவுக்கு இந்த வாரம் வாழ்வா சாவா. பல்கலைக்கழகத்தின் கோடை ஆராய்ச்சி முகாமுக்கு ஒரு பள்ளிக்கு ஒரே இடம்தான். பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது கரோல் மிஸ்தான்; கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

உள்ளே ஓடினாள். "மிஸ், பலகையில இருக்கறதை நான் உடைச்சா, முகாமுக்கு என் பேரை அனுப்புவீங்களா?"

கரோல் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் சிவந்திருந்தன. சளி போலிருக்கிறது.

"பொய்யா மெய்யான்னு முதல்ல நீ கண்டுபிடி. அப்புறம் பேசலாம்."

வெள்ளிக்கிழமை மதியம், ஷ்ரேயா கொண்டுவந்த காகிதங்களை கரோல் மிஸ் இரண்டு தடவை படித்தார். 

"எங்கிட்ட சொன்னா போதாது ஷ்ரேயா. முகாம்ல ப்ரொஃபசருங்க தட்டிக் குடுக்க மாட்டாங்க, தோண்டித் துருவுவாங்க. நேரா கரஸ்பாண்டென்ட் ரூமுக்குப் போ. அவரை ஒத்துக்க வெச்சுட்டு வா. இன்னிக்கே உன் பேரை அனுப்பறேன்."

"யாரும்மா நீ? க்ளாஸ் இல்லையா?" சாய்நாத் முறைத்தார்.

மிஸ் சொல்லிக்கொடுத்த எக்ஸாமினர் வேஷம்! ஷ்ரேயா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ப்ளஸ் ஒன் ஷ்ரேயா சார். லைப்ரரியை மூடப் போறதா பலகையில இருக்கறது பொய்னு நிரூபிக்க வந்திருக்கேன்."

"நான் கையெழுத்து போட்டது பொய்யா?"

"ஆமா சார். உங்களால அதை மூடவே முடியாது."

சாய்நாத் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"முதல் ஆதாரம். அப்பாவைக் கூட்டிக்கிட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்ப் பத்திர நகல் வாங்கினேன். இந்த இடத்தைத் தானமா குடுத்தது சூடாமணின்னு ஒரு அம்மா. லைப்ரரி நடக்கற வரைக்கும்தான் இடம் பள்ளிக்கூடத்துக்கு. வேற எதுக்கு எடுத்தாலும் வாரிசுக்கே திரும்பிப் போயிடும்."

"அது எந்தக் காலத்துப் பத்திரம்! அதுக்கப்புறம் எவ்வளவோ மாத்தியாச்சு."

"இதைக் கேப்பீங்கன்னு தெரியும் சார். வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன். மாத்தினதா ஒரு பதிவுகூட இல்லை."

ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சாய்நாத்தின் நெற்றி மினுமினுத்தது. என்ன நடிப்பு!

"வாரிசாவது ஒண்ணாவது! யாரு எந்த நாட்டுல இருக்காங்களோ!"

"பாலவாக்கத்துல இருக்கார் சார். அதான் ரெண்டாவது ஆதாரம். அந்த அம்மாவோட பிள்ளை. கிச்சா மாமான்னா தெருவுக்கே தெரியும். நான் பத்திரத்தைக் காட்டறதுக்கு முன்னாடியே, அதே நிபந்தனையை அவர் வாயாலயே சொன்னார்."

"நோட்டீஸ் விஷயத்தை... அவர்கிட்ட சொல்லிட்டியா?" குரல் அதல பாதாளத்தில் இருந்து வந்தது.

"சொல்லாம எப்படி சார்? ரொம்ப சந்தோஷப்பட்டார். காபியெல்லாம் போட்டுக் குடுத்தார். 'எப்போம்மா மூடப்போறா'ன்னு ரெண்டு தடவை கேட்டார். அவர் நம்பர் தரட்டுமா சார்?"

"வேணாம்!" சாய்நாத் எழுந்தே விட்டார். மேசைமேல் கிடந்த பளபளப்பான கோச்சிங் சென்டர் ஃபைலை டிராயருக்குள் தள்ளிச் சாத்தினார். மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார். "அந்த நோட்டீஸைக் கிழிச்சு எடுத்துட்டு வாய்யா, இப்பவே!" பிறகு ஷ்ரேயா பக்கம் திரும்பினார். "லைப்ரரியை மூடல. நீ சொன்னதுதான் சரி. போதுமா? அந்த மாமாகிட்டயும் மறக்காம சொல்லிடு."

ஷ்ரேயா படிகளில் பறந்தாள்.

"ஜெயிச்சுட்டேன் மிஸ்! சார் ஒத்துக்கிட்டார், நோட்டீஸையே கிழிக்கச் சொல்லிட்டார்! என்ன ஆக்டிங் மிஸ் அவரு, வேர்வைகூட வர வெச்சார்! நீங்கதானே ட்ரெயினிங் குடுத்தீங்க?"

கரோல் மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். மூலையில் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்த புத்தகக் கட்டுகளில் ஒன்றை வெட்டிப் பிரித்து, ஒவ்வொன்றாக மறுபடி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார்.

"உன் பேரு இன்னிக்கே போகுது. அங்கேயும் இதே மாதிரி நில்லு."

"தேங்க்ஸ் மிஸ்! ஆனா ஒண்ணு சொல்லுங்க, இவ்ளோ கஷ்டமான பொய்யை எப்படி யோசிச்சீங்க?"

கரோல் மிஸ்ஸின் கண்கள் மறுபடி சிவந்தன. இந்தத் தடவை சிரிப்போடு.

"திங்கக்கிழமை நான் வர்றதுக்குள்ள அந்த நோட்டீஸைப் பியூன் குத்திட்டுப் போயிருந்தார். இந்த வாரம் நான் பொய்யே எழுதல, ஷ்ரேயா."