பால்துரை போட்ட வலது சிக்னல்

“இந்த பைக்கோட இண்டிகேட்டரைப் பாத்து ஒரு கப்பலே திரும்பியிருக்கு, தெரியுமாலே?” என்றார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பால்துரை.

பைக்கை விலைபேச வந்த லிங்கராஜ் சிரித்தான். “கப்பல் ஹாரன் அடிச்சிட்டா திரும்பிச்சு அண்ணாச்சி? ரெண்டு பக்கமும் எந்நேரமும் எரியுது, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்ட சீரியல் செட்டு மாதிரி. இந்த வயரிங்கை அத்துப்போட்டாத்தான் வாங்குவேன்.”

“ஏலே, ஒவ்வொரு பல்புக்குள்ளயும் ரெண்டு இழை. ஒண்ணு எப்பவும் மங்கலா எரியும். சிக்னல் போட்டா மத்தது பளிச்சுன்னு மின்னும். நானே இழுத்த வயருலா!”

“அதுக்குக் கப்பல் திரும்புமா?”

“போன ஐப்பசியில, கரையே தெரியாத அடைமழை. கப்பல் நேரா பாறையைப் பாத்து வருது. கத்தினேன், கேக்கல. வண்டியோட பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டி நிறுத்தி, வலது சிக்னலைப் போட்டேன். ரெண்டு விளக்கு எரியுது, வலது மட்டும் மின்னுது. பொசுக்குன்னு வலப்பக்கம் திரும்பிட்டுல்லா!”

லிங்கராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து, பின்விளக்குகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“இந்த வயர்ல கை வைக்க மாட்டேன். அன்னைக்குத் திருச்செந்தூர் முருகன்தான் விளக்கு காட்டினாருன்னு அங்கன போயி மொட்டை போட்டேன். நீங்க சொன்னது நெசம்தான். ஆனா அது கப்பல் இல்ல அண்ணாச்சி, நான் மீன்பிடிக்கப் போன வள்ளம்.”